வேணும்னேக்காரரும் ஒரு குதிரையும்

மனிதர்களில் வேணும்னேக்காரர் என்று ஒரு வகை உண்டு. பெயர் நான் வைத்ததுதான், ஆனால் ஆளை உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். வழுக்கி விழுந்தால் எழுந்திருக்க அவசரப்பட மாட்டார். விழுந்த இடத்திலேயே காலை மடித்து வசதியாக உட்கார்ந்துகொண்டு, "வேணும்னேதான் உட்கார்ந்தேன், தரை குளுகுளுன்னு இருக்கு" என்பார். பஸ்ஸைத் தவறவிட்டால், கூட்டமாக இருந்ததால் தானே விட்டுவிட்டதாகச் சொல்வார். அந்த பஸ் காலியாகப் போனதை அவருக்குப் பக்கத்தில் நின்று நீங்களும் பார்த்திருப்பீர்கள். தள்ள வேண்டிய கதவை இழுத்து, இழுத்து, கடைசியில் காவலாளி வந்து திறந்துவிட்டால், கதவு உறுதியாக இருக்கிறதா என்று பார்த்ததாகச் சொல்லி அந்தக் காவலாளியையே பாராட்டிவிட்டுப் போவார்.

இவரைப் பொய்யர் என்று நினைத்துவிடாதீர்கள். பொய்யருக்கு உண்மை எது என்று தெரியும்; அதனால் கொஞ்சமாவது வியர்க்கும். இவருக்கு வியர்க்காது. தான் சொன்னது தன் காதில் விழுந்ததுமே அதை முதலில் நம்புகிறவர் இவர்தான். உலகத்தில் எதுவும் தன்னைக் கேட்காமல் நடந்துவிடக் கூடாது என்பது மட்டும்தான் அவருடைய ஆசை. மழைகூட அவர் நனையத் தயாரான பிறகுதான் பெய்ததாகக் கணக்கு.

இப்படிப் பொதுவாகவே சொல்லிக்கொண்டிருந்தால் யாருக்கும் உறைக்காது. ஒரே ஒருவரைப் பிடித்துக்கொள்வோம்.

நாம் பிடித்திருப்பவர் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். ஐம்பதை நெருங்கும் வயது. சுமாரான தொப்பை; அதுவும் திட்டமிட்டு வளர்த்ததுதான், கல்லாவில் உட்காரும்போது மேஜையில் இடித்துக்கொள்ளாமல் இருக்க மெத்தை மாதிரி உதவுமாம். அவர் மாட்டிக் கொடுக்கும் கண்ணாடியில் ஒரு பக்கக் கம்பி உயர்ந்திருந்தால், "நீங்க ஒருக்களிச்சுப் படிக்கிற ஆள், பார்த்தாலே தெரியுது, அதுக்குத்தான்" என்பார். கறுப்புச் சட்டம் கேட்டவருக்குச் சிவப்புச் சட்டம் வந்து சேர்ந்தால், அந்த முகத்துக்கு இதுதான் எடுக்கும் என்று தானே மாற்றி வரவழைத்ததாகச் சொல்வார். அந்த ஆளும் கோணல் கண்ணாடியும் சிவப்புச் சட்டமுமாக, தன்னைப் பற்றி இவ்வளவு யோசிக்க ஒரு கடைக்காரர் இருக்கிறாரே என்று நெகிழ்ந்துபோய் வீடு திரும்புவார்.

நம்பாதவர் ஒரே ஒருவர்தான். மனைவி. அந்த அம்மாள் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். கற்றுக்கொள்கிறவர் பக்கத்தில், தன் காலடியில் தனியாக ஒரு பிரேக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தே பாதி ஆயுள் போயிற்று. அதனால் அவருடைய வலது கால் அவரைக் கேட்காமலே வேலை செய்யும். பஸ்ஸில் போனாலும் அமுக்கும். சினிமாவில் வில்லன் வண்டி வேகமாக வந்தாலும் அமுக்கும். சமையலறையில் புருஷன் உப்பு டப்பாவைத் திறந்தால் இந்தக் கால் ஹாலில் இருந்தபடியே தரையை அமுக்கும். கணவர் எந்தச் சாதனையைச் சொன்னாலும் அந்த அம்மாள் மறுத்துப் பேசியதில்லை. "ம்" என்பார். அவ்வளவுதான். அந்த "ம்" இருக்கிறதே, அதற்கு நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். வாடிக்கையாளர்கள் எல்லாரும் நம்பி என்ன, இந்த ஒரு ஆள் ஒரு தடவையாவது நம்பித் தொலைக்கக் கூடாதா என்று அவருக்கு உள்ளுக்குள் ஏக்கம் உண்டு.

இப்படிப்பட்டவர் குதிரை ஏறப் போனது எப்படி? நீச்சல் குளத்துக்குப் போனார். டாக்டர் நீந்தச் சொல்லியிருந்தார். தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு போனவர் ஒரு வாசல் தள்ளி நுழைந்துவிட்டார். உள்ளே தண்ணீர் இல்லை. மணல் பரப்பிய மைதானமும், சுற்றி மரவேலியும், ஓரத்தில் லாயமும், அதில் வரிசையாகக் குதிரை முகங்களும் இருந்தன. மேஜையில் இருந்த பெண், குதிரையேற்றம் கற்றுக்கொள்ளத்தானே வந்தீர்கள் என்று கேட்டாள். இல்லை, வழி தவறிவிட்டேன் என்று நீங்களும் நானும் சொல்லியிருப்போம். அவர் "பின்ன?" என்றார். துண்டு எதற்கு என்று அவள் கேட்டாள். குதிரைக்கு வியர்க்குமே, துடைக்க வேண்டாமா என்றார். அவள் அசந்துபோய்ப் பணத்தை வாங்கிக்கொண்டாள்.

அவருக்குக் கிடைத்த குதிரைக்கு லாயத்து ஆட்கள் வைத்த பெயர் துரை. பழுப்பு நிறம், நெற்றியில் வெள்ளைப் பொட்டு, எதையும் நம்பாத கண்கள். பயந்த குதிரைகள் உண்டு, பிடிவாதம் பிடித்த குதிரைகளும் உண்டு, துரை இரண்டும். பயம் அதை ஓடு என்று சொல்லும், பிடிவாதம் நகராதே என்று சொல்லும், இரண்டும் பேசி ஒரு முடிவுக்கு வரும் வரை மேலே உட்கார்ந்திருப்பவர் தேமேயென்று காத்திருக்க வேண்டும். மைதானத்தின் கோடியில் சாணம் அள்ளும் ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டி ஒன்று பச்சைத் தார்ப்பாய் போர்த்தி நிற்கும். தினமும் அதே வண்டி, அதே இடம். துரைக்கு அது தினமும் புதிது. அது சும்மா நிற்பதுபோல நடிக்கிறது, என்றைக்காவது ஒரு நாள் நகரப்போகிறது என்பது துரையின் தீர்மானமான அபிப்பிராயம்.

குதிரைப் பள்ளிக்குப் புதிதாக ஒரு மாஸ்டர் வந்திருந்தார். ஒழுங்கான மனிதர், ஆளைச் சட்டென்று நம்பிவிடுகிற சுபாவம். அவர் ஒரு முறை வைத்திருந்தார். சவாரி முடிந்ததும், இறங்குவதற்கு முன்பே, குதிரை மேல் உட்கார்ந்தபடி அது என்ன செய்தது என்று ஓட்டியவர் வாயால் சொல்ல வேண்டும். எதைக் கண்டு மிரண்டது, எங்கே முரண்டு பிடித்தது, சொன்னதைக் கேட்டதா. அதை வைத்துத்தான் அந்தக் குதிரையை அடுத்து யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்வார். மேலே இருப்பவருக்குத் தெரிவது கீழே நிற்பவருக்குத் தெரியாது என்பது அவர் கட்சி. நியாயமான கட்சிதான், மேலே இருப்பவர் வேணும்னேக்காரராக இல்லாத வரைக்கும்.

முதல் நாள் துரை தள்ளுவண்டியைப் பார்த்ததும் நாலு காலையும் மணலில் ஊன்றி நின்றுவிட்டது. நம்மவர் குதிகாலால் தட்டினார், நாக்கால் சொடுக்கினார், செல்லம் கொஞ்சினார், கழுத்தைத் தடவினார், மற்றவர்கள் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருக்க அவர் மட்டும் சிலையாக நின்றார். வகுப்பு முடிந்து மாஸ்டர் வந்து கேட்டபோது அவர் முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

"நிக்கப் பழக்கினேன் மாஸ்டர். ஓடறதுக்கு எந்தக் குதிரையும் ஓடும். நிக்கணுமே."

மாஸ்டருக்கு இது புதிய கோணமாக இருந்தது. அடுத்த தடவை துரை பின்னால் போயிற்று, வேலி தடுக்கும் வரை. ரிவர்ஸ் பழக்குவதாக அறிக்கை வந்தது. அதற்கடுத்த தடவை நின்ற இடத்திலேயே பம்பரமாகத் திரும்பி, வாசலை நோக்கிப் பாய்ந்தது. அது குறுகலான இடத்தில் வண்டி திருப்பும் பயிற்சி. இன்னொரு நாள் வேலிக்கு வெளியே கழுத்தை நீட்டி, காவலாளியின் சோற்று மூட்டையை முகர்ந்து, பையோடு தூக்கிக்கொண்டது. பொருளை எடுத்து வரச் சொல்லிக் கொடுத்தாராம். மைதானத்தின் அந்தக் கோடியில் நடந்ததை இந்தக் கோடியில் நின்று அரைகுறையாகப் பார்த்த மாஸ்டர், தான் இத்தனை வருஷம் குதிரைகளோடு இருந்து இதெல்லாம் யோசிக்காமல் போனோமே என்று வருத்தப்பட ஆரம்பித்தார்.

விழவில்லையா என்று கேட்கிறீர்களா? அந்தப் பள்ளியில் விழுந்தவர் மற்ற எல்லாருக்கும் கேக் வாங்கித் தர வேண்டும் என்று ஒரு வழக்கம். கூடப் படிக்கும் பல் டாக்டர் அம்மா ஒரு நாள் லேசாகச் சரிந்ததற்கே பெரிய கேக்காக வாங்கி வந்தார். நம்மவர் அந்தக் கேக்கில் இரண்டு துண்டு சாப்பிட்டார். அவர் வாங்கியதே இல்லை. ஏனென்றால் அவர் விழுந்ததே இல்லை. குதிரையின் இடது பக்கமாகவும் வலது பக்கமாகவும், ஒரு தடவை தலைக்கு மேலாகவும், அவர் இறங்கினார். அவசரத்தில் இறங்க வேண்டி வந்தால் எப்படி இறங்குவது என்று யாராவது சொல்லிக்கொடுத்தார்களா? அவரே பழகிக்கொண்டார்.

ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். துரையின் மேல் அத்தனை நாள் உட்கார்ந்ததில் அவர் யாரிடமும் சொல்லாமல் சில விஷயங்களைத் தெரிந்துகொண்டார். அது மிரளும்போது கடிவாளத்தை இரண்டு கையாலும் இழுத்தால் அதற்கு இன்னும் பயம் கூடுகிறது. காலை இறுக்கினால் பாய்கிறது. கால் இரண்டையும் தொங்கவிட்டு, தலையை மட்டும் ஒரு பக்கமாக மெதுவாகத் திருப்பி, கடையில் அன்றைக்கு வந்தவர்களைப் பற்றி ஏதாவது பேசிக்கொண்டிருந்தால், காதுகளை ஆட்டி, பெருமூச்சு விட்டு, அடங்குகிறது. இதையெல்லாம் அவர் மாஸ்டரிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் குதிரை மிரண்டது என்று ஒப்புக்கொண்டதாக ஆகிவிடுமே, அதனால் சொல்லவில்லை. உண்மையில் அவருக்குத் துரையைப் பிடித்துப்போயிருந்தது. கடையில் யாருக்கோ கண் பரிசோதனை செய்யும்போதுகூட அதன் நினைவு வந்து புன்னகைப்பார்.

வீட்டில் இந்தச் சாதனைகளை எல்லாம் விவரமாகச் சொன்னார். அந்த அம்மாள் துணி மடித்துக்கொண்டே கேட்டார். "ம்."

அப்போதுதான் மாஸ்டர் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கற்றுக்கொள்கிறவர்களின் குடும்பத்தார் வந்து இலவசமாக ஒரு தடவை ஏறிப் பார்க்கலாம் என்று அறிவித்தார். இதை வீட்டில் சொல்லியிருக்கவே வேண்டாம். பெருமை தாங்காமல் சொல்லிவிட்டார். மனைவி துணி மடிப்பதை நிறுத்திவிட்டு, தானும் வந்து ஏறப்போவதாகச் சொன்னார். வாரம் பூராவும் மற்றவர்கள் ஓட்டுவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறோமே, ஒரு நாள் நாமும் ஏதாவது ஓட்டலாம் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. அதிலென்ன தப்பு?

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மாஸ்டர் அந்த அம்மாளை அவ்வளவு மரியாதையாக வரவேற்றார்.

"உங்களுக்குத் துரைதான் மேடம். சார் இத்தனை நாளா சொல்லிக்கிட்டிருக்காரு, அது மாதிரி சொன்ன பேச்சு கேக்கற குதிரை இந்த லாயத்துலயே இல்லன்னு. முதல் தடவை ஏறுறவங்களுக்கு இனிமே அதைத்தான் தரப்போறேன்."

துரையின் முதுகு எவ்வளவு உயரம் என்று நம்மவருக்குத் தெரியும். அந்த உயரத்திலிருந்து அவர் பல திசைகளிலும் இறங்கியிருக்கிறார். மனைவி விழுந்தால் கையை உடைத்துக்கொள்ளலாம், இடுப்பை உடைத்துக்கொள்ளலாம். நினைக்கவே பயமாக இருந்தது. இதைத் தடுக்க ஒரே ஒரு வாக்கியம் போதும்: மாஸ்டர், இந்தக் குதிரை ஒரு நாளும் என் பேச்சைக் கேட்டதில்லை. பத்துப் பேர் நிற்கிறார்கள். பல் டாக்டர் அம்மா நிற்கிறார். எல்லாவற்றுக்கும் மேலாக மனைவி நிற்கிறார். அந்த வாக்கியம் தொண்டை வரை வந்தது. அதற்கு மேல் அந்த வழியில் இதுவரை எந்த உண்மையும் போனதில்லை, ஆகையால் வழி தெரியாமல் நின்றுவிட்டது.

அதற்குப் பதிலாக வேறு என்னென்னவோ சொன்னார். துரை இன்றைக்குச் சோர்வாக இருக்கிறது என்றார். துரை அப்போது வாளியை உதைத்து உருட்டிக்கொண்டிருந்தது. சேணம் மனைவிக்கு உயரம் சரிப்படாது என்றார். வெயில் என்றார். "சார் துரையை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேங்கிறாரு" என்று மாஸ்டர் சிரித்தார். மனைவி சிரிக்கவில்லை. அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு, படிமேல் ஏறி, துரையின் மேல் ஏறி உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் தொழில் புத்தி வந்தது. கால் வைக்கும் வளையங்களைத் தன் அளவுக்கு மாற்றச் சொன்னார். இடுப்பை முன்னும் பின்னும் நகர்த்தி இடத்தைச் சரிபார்த்தார். பின்னால் வருகிறவர்களை எப்படிப் பார்ப்பது என்று கேட்டார். கழுத்தைத் திருப்பித்தான் பார்க்க வேண்டும் என்றதும், வண்டி பழைய மாடல் என்று முடிவு கட்டினார்.

"பிரேக்?"

"கடிவாளத்த மெதுவா இழுத்தா நிக்கும் மேடம். சாருக்கு அப்படித்தான் நிக்குது."

இதற்குள் நம்மவர் அங்கே இல்லை. ஒரு யோசனை தோன்றி மைதானத்தின் கோடிக்கு ஓடிக்கொண்டிருந்தார். வாயைத் திறக்க முடியாவிட்டால் போகிறது, வண்டியையாவது அப்புறப்படுத்திவிடலாமே! துரை சுற்றி வருவதற்குள் தள்ளுவண்டியைச் சத்தமில்லாமல் வேலிக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்விட்டால், துரைக்கு மிரள எதுவும் இருக்காது, அவருக்கு ஒப்புக்கொள்ளவும் எதுவும் இருக்காது. இவ்வளவு அழகான யோசனை அவருக்கு வாழ்க்கையில் வந்ததில்லை. கைப்பிடி இரண்டையும் பிடித்து, மூச்சை அடக்கித் தூக்கித் தள்ளினார்.

அந்தச் சக்கரத்துக்கு எண்ணெய் போட்டு யுகமாகிறது. கிறீச்ச் என்று அது போட்ட சத்தத்தில் கூரை மேல் இருந்த புறாக்கள் எல்லாம் எழும்பின. அதே நேரத்தில், மனைவியைச் சுமந்துகொண்டு, அழகாக, சாதுவாக, வேலியோரமாக நடந்து வந்த துரை அந்தத் திருப்பத்தில் வந்து சேர்ந்தது.

துரையின் பக்கம் நின்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். எத்தனை மாதமாக அது சொல்லிக்கொண்டிருக்கிறது, அந்த வண்டி ஒரு நாள் நகரும் என்று! யாராவது கேட்டார்களா? இதோ, நகர்கிறது. கத்திக்கொண்டே நகர்கிறது. அதன் பச்சைத் தார்ப்பாய் காற்றில் எழும்பி ஆடுகிறது. போதாக்குறைக்குத் தன்னைத் தினமும் ஓட்டுகிற ஆளே அதற்கு உடந்தை.

துரை நாலு காலையும் ஊன்றியது. காதுகள் கத்தி மாதிரி முன்னால் நீட்டிக்கொண்டன. மூக்கிலிருந்து புஸ்ஸென்று காற்று வந்தது. அடுத்த நொடி நின்ற இடத்திலேயே திரும்பி ஓட ஆரம்பித்தது. அந்த அம்மாளின் வலது கால் இருக்கிறதே, அது தன் கடமையைச் செய்தது. இல்லாத பிரேக்கை ஓங்கி அமுக்கியது. வலது கால் அமுக்கியதைப் பார்த்து இடது காலும் இல்லாத கிளட்சை அமுக்கியது. குதிரையின் பாஷையில் இரண்டு குதிகாலும் விலாவில் அழுந்தினால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: இன்னும் வேகமாகப் போ. துரை இன்னும் வேகமாகப் போயிற்று. வேகம் கூடினால் பிரேக்கை இன்னும் பலமாகத்தானே அமுக்க வேண்டும்? அமுக்கினார். துரை, ஆகட்டும் அம்மா, என்று பறந்தது.

முதல் சுற்றில் நம்மவர் தள்ளுவண்டியைப் பிடித்தபடி வாயைப் பிளந்து நின்றார். கைப்பிடி நழுவி, வண்டி கவிழ்ந்து, சாணம் முழங்கால் வரை வந்தது அவருக்குத் தெரியவில்லை. மனைவி அவரைக் கடந்து போனார். வாழ்நாளில் எத்தனையோ பேர் பதறுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து சமாளித்த அந்த முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. அதைப் பார்த்ததும் தொண்டையில் நின்றுகொண்டிருந்தது உடைத்துக்கொண்டு வெளியே வந்தது.

"காலை எடு! அது பிரேக் இல்ல!"

"பின்ன எது பிரேக்?" என்று அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"பிரேக்கே கிடையாது!"

"இழுத்தா நிக்கும்னாங்களே!"

"எனக்கு ஒரு தடவகூட நின்னதில்ல!"

வேலியோரம் நின்றவர்கள் எல்லாரும் குதிரையை விட்டுவிட்டு அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். நம்மவர் சாணத்திலிருந்து காலைப் பிடுங்கிக்கொண்டு மைதானத்தின் நடுவுக்கு ஓடினார். ஓடிக்கொண்டே கத்தினார். அத்தனை பேருக்கும் கேட்கும்படி, ஒன்று விடாமல் கத்தினார்.

"அதுவா நின்னுச்சு, அதுவா பின்னால போச்சு, அதுவா திரும்புச்சு. நான் எதையும் பண்ணல. நான் இறங்கல, விழுந்தேன். எல்லாத் தடவையும் விழுந்தேன். அந்தச் சோத்துப் பையைக்கூட அதுவாத்தான் எடுத்துச்சு. நீ பிடிச்சு இழுக்காதே, இழுத்தா அதுக்குப் பயம் ஜாஸ்தியாகும். காலைத் தொங்க விடு. லெஃப்ட் கையை மட்டும் மெதுவா இழுத்துத் தலையைத் திருப்பு. அதுகிட்டப் பேசு. எதையாவது பேசு!"

காலைத் தொங்கவிடு என்பதுதான் அந்த அம்மாளுக்குச் சிரமமாக இருந்தது. பாதி ஆயுளின் பழக்கம். பல்லைக் கடித்துக்கொண்டு வலது காலைப் பிரேக்கிலிருந்து எடுத்தார். பேசு என்பது சுலபமாக இருந்தது. தினமும் பயந்து நடுங்குகிற ஒருவரிடம் பேசுவதுதானே அவர் பிழைப்பு. குரல் தானாகவே வந்துவிட்டது.

"ஒண்ணும் ஆகல, பதறாதீங்க. ரோடு காலியாத்தான் இருக்கு. அப்படியே லெஃப்ட் எடுங்க. இன்னும் கொஞ்சம் எடுங்க. நல்லாப் பண்றீங்க. யாரும் பின்னால ஹாரன் அடிக்கல. மெதுவா, ஓரம் கட்டுங்க."

துரையின் ஒரு காது பின்னால் திரும்பியது. இதுவரை தன்னை யாரும் இவ்வளவு மரியாதையாக வாங்க போங்க என்று அழைத்ததில்லை என்று அதற்குத் தோன்றியிருக்கலாம். பெரிய வட்டம் சின்ன வட்டமாயிற்று, ஓட்டம் நடையாயிற்று, மாஸ்டருக்கு முன்னால் வந்து நின்று ஒரு நீளப் பெருமூச்சு விட்டது.

நம்மவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். உடம்பு பூரா சாணம். மானம் போயிற்று, மனைவி முழுசாக இருக்கிறாள். கணக்கு சரிதான் என்று நினைத்தார். அது மட்டுமல்ல, என்னவோ ஒரு மூட்டையை இறக்கி வைத்ததுபோல் லேசாகக்கூட இருந்தது.

அந்தச் சுகம் பல் டாக்டர் அம்மா வாயைத் திறக்கும் வரை நீடித்தது.

"எவ்ளோ பெரிய மனசு பாருங்க," என்று அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சம்சாரம் பயந்துடக் கூடாதுன்னு, தனக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு சொல்றாரே. வேணும்னேதான் சொல்றாருன்னு நமக்குத் தெரியாதா?"

எல்லாரும் தலையாட்டினார்கள். நம்மவர் இல்லை, இல்லை, நிஜமாகவே விழுந்தேன் என்று முதுகுத் தழும்பைக் காட்டப் போனார். அடக்கம் என்றார்கள். கேக் கடன் அத்தனையும் இன்றைக்கே தீர்த்துவிடுவதாகக் கெஞ்சினார். தாராள குணம் என்றார்கள். கடைசியில் மாஸ்டர் கையை உயர்த்தினார். தன் முறைப்படி, மேலே உட்கார்ந்திருப்பவரைக் கேட்டுவிடுவதே சரி என்று துரையிடம் போனார்.

"மேடம், குதிரை என்ன பண்ணுச்சு?"

நம்மவர் மனைவியை ஆவலோடு பார்த்தார். இந்த உலகத்தில் தன்னை ஒரு நாளும் நம்பாத ஒரே ஜீவன். அவள் சொல்லட்டும், எல்லாரும் கேட்கட்டும். அந்த அம்மாள் ஒரு கண்ணை மறைத்திருந்த கவசத்தை மேலே தள்ளிவிட்டுக்கொண்டார். சுற்றி நின்ற அத்தனை முகங்களையும் ஒரு தடவை பார்த்தார். அதில் இரண்டு பேர் அவரிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவர்கள். முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

"பிக்கப் எப்படி இருக்குன்னு பார்க்கலாம்னு கொஞ்சம் விட்டுப் பார்த்தேன்," என்றார்.

நம்மவர் மனைவியை நிமிர்ந்து பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் சொல்லாத ஒன்றை அன்று சொன்னார்.

"ம்."

மாஸ்டர் குழம்பிப்போனார். கணவர் ஒன்று சொல்கிறார், மனைவி ஒன்று சொல்கிறார். இனிமேல் யார் வாய்ச் சொல்லையும் நம்புவதாக இல்லை, தானே ஏறிப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்து, அந்த அம்மாளை இறக்கிவிட்டு, ஒரே தாவில் துரையின் மேல் ஏறினார். வேலியோரமாகக் கம்பீரமாகப் போனார். கோடித் திருப்பத்தில் தள்ளுவண்டி, இப்போது கவிழ்ந்து, சக்கரம் வானத்தைப் பார்த்தபடி, துரை இதுவரை கனவிலும் கண்டிராத புது ரூபத்தில் கிடந்தது.

துரை மட்டும் திரும்பி வந்தது.

எல்லாரும் ஓடினார்கள் என்று சொல்ல ஆசைதான். யாரும் அசையவில்லை, பார்த்துக்கொண்டு நின்றார்கள். மாஸ்டர் மணலில் உட்கார்ந்திருந்தார். கை நிறைய மணலை அள்ளி, விரலிடுக்கில் ஒழுகவிட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஆராய்ந்தார்.

"மணல் மாத்தணும்னு ரொம்ப நாளா எனக்கு ஒரு எண்ணம். கிட்ட உட்கார்ந்து பார்த்தாத்தான் தெரியுது," என்றார்.

அன்றைக்கு யாரும் கேக் வாங்கவில்லை. எழுந்து பேண்ட்டைத் தட்டிக்கொண்டே மாஸ்டர் ஓர் உத்தரவு போட்டார். துரையிடம் இவ்வளவு வித்தைகளையும் வாங்குவது சார் ஒருவரால்தான் முடிகிறது, ஆகையால் இனிமேல் சாரைத் தவிர வேறு யாருக்கும் அந்தக் குதிரை கிடையாது. நம்மவருக்கு வருத்தமே இல்லை. நேரே துரையிடம் போய், சாணக் கையாலேயே அதன் கழுத்தைத் தட்டிக்கொடுத்தார்.

திரும்பும் வழியில் மனைவிதான் கார் ஓட்டினார். துரை குலுக்கிய குலுக்கலில் நேராக உட்கார முடியாமல் ஒரு பக்கமாக ஒருக்களித்து உட்கார்ந்து ஓட்டினார். நிஜமாகவே எல்லாத் தடவையும் விழுந்தீர்களா என்று கேட்டார். எல்லாத் தடவையும் என்றார் அவர். தலைக்கு மேலாகவுமா என்றார். ஆமாம் என்றார். அந்த அம்மாள் சிரிக்க ஆரம்பித்து, கண்ணில் நீர் வழிந்து, ரோடு தெரியாமல் போய் வண்டியை ஓரம் கட்ட வேண்டியதாயிற்று. அவரும் சிரித்தார். அவ்வளவு சந்தோஷமாக அவர்கள் சேர்ந்து சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது.

நீங்களும் சிரித்துக்கொண்டிருக்கிறீர்கள். நல்லது. ஆனால் ஒரே காலைப்பொழுதில் இந்த நோய் கண்ணாடிக் கடைக்காரரிடமிருந்து மனைவிக்கும், மனைவியிடமிருந்து மாஸ்டருக்கும் தாவியதைப் பார்த்தீர்கள் அல்லவா? காகிதத்தின் வழியாகத் தாவாது என்று யார் சொன்னது? இதைப் படித்துக்கொண்டு வரும்போது நடுவில் ஒரு பத்தியைப் படிக்காமல் தாண்டிப் போனீர்கள். எந்தப் பத்தி என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஏன் தாண்டினீர்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. கேட்டால் சொல்வதற்குப் பதில் ஒன்று இதோ இந்த நொடியே உங்கள் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது; நீங்கள் அதை நம்பவும் ஆரம்பித்துவிட்டீர்கள்.